‘பத்து’வில் வருகிற ‘து’

ரஷ்ய மொழியில் எதிரில் இருப்பவரை ‘நீ’ என்று சொல்ல ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் ‘து’. ‘பத்து’ என்று சொல்லி முடிக்கும்போது உதட்டைக் குவிக்காமல் விட்டுவிடுகிறோமே, அந்தத் து. ‘நீங்கள்’ என்று சொல்ல இன்னொரு சொல், ‘வு’. ‘செலவு’ என்பதில் கடைசியாக வருகிற வு. இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் கிடந்து நான் ஒரு மழைக்காலம் முழுக்க வயிறெரிந்தேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ரஷ்ய எழுத்துக்காக வயிறெரிந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் ஆட்களிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதுதான். இங்கிலீஷ் அப்படி வந்தது. எங்கள் வீதியில் தெலுங்கு பேசுகிற வீடுகள் இருந்ததால் தெலுங்கும் அப்படி வந்தது. ஒருத்தர் ஒரு வார்த்தையை எப்படி இழுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் அதே மாதிரி சொல்லிப் பார்ப்பேன். பட்டறை முதலாளி, "உன்ற வாய்க்கு ஒரு காயிலக் கட்டி உட்டா கரண்டே வேண்டாம்டா, மோட்டாரு தானா ஓடும்" என்பார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். என்னிடம் வேறு என்ன இருந்தது? பேச்சு ஒன்றுதான்.

பட்டறைக்கு அடுத்த தெருவில் ஒரு கிரைண்டர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மார்மன் சபை கூடும். சின்ன சபை. வெள்ளைச் சட்டையும் டையுமாக அந்தப் பக்கம் சைக்கிளில் போய்வந்த இரண்டு ஊழியக்காரப் பையன்களிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பேச்சு ஒரு வருடம் ஓடி, என் ஞானஸ்நானத்தில் போய் நின்றது. அந்தச் சபையில் டீ, காபி குடிக்கக் கூடாது. எங்கள் மாமா ஊரெல்லாம் போய், "டீயும் இல்ல, காப்பியும் இல்ல, மோரு மட்டுந்தானாம். அதுனாலதான் மோர்மன்னு பேரு" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்தே சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

இளம்வயதில் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது அங்கே வழக்கம். எந்த ஊர் என்று நாம் கேட்க முடியாது. மேலிடம் சொல்லும். அந்த வருடம் எங்கள் சபையில் இருந்து கிளம்பியது நானும் இன்னொருத்தனும். இரண்டு பேருக்கும் ரஷ்யா என்று வந்தது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த கண்டக்டர் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. போகவில்லை, நான்தான் கொண்டுபோனேன். அப்பா மில்லில் சொன்னார். அடுத்த லீவில் ஊட்டிக்குப் பஸ் ஏறிப் போய், மார்க்கெட்டில் தடியான நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவந்தார். அதை நான் புழுக்கத்திலேயே போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர்கள், "பனி ஊருக்கு எதுக்குடா ஸ்வெட்டரு? திருப்பூருல சொல்லி ஒரு லோடு பனியன் எடுத்துக்க" என்றார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருத்தராக வந்து ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

வழக்கமாக மொழிப் பயிற்சி வெளிநாட்டு மையத்தில் நடக்கும். எங்கள் விசா இழுத்துக்கொண்டே போனதால், அதுவரை இங்கேயே படிக்கட்டும் என்று முடிவானது. சபை வேலையாக வந்து தங்கியிருந்த ஓர் அமெரிக்கப் பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் மாடியிலேயே ஓர் அறையில் தங்க வேண்டும். விடிகாலையில் எழ வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் ‘எல்டர்’ என்று கூப்பிட வேண்டும். எல்டர் என்றால் மூப்பர். "மீசையே இன்னும் ஒழுங்கா வரல, அதுக்குள்ள மூப்பரா?" என்று அம்மா கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. துணையின் கண்ணுக்கு மறைவாகப் போகக் கூடாது. குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும் இரண்டு பேரும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

என் துணை தொண்டாமுத்தூர்க்காரன். தென்னந்தோப்பு வீடு. காலேஜ் முடித்தவன். என் வயதுதான். எழுந்ததில் இருந்து படுக்கும் வரை அவன் பேசுவதை எல்லாம் சேர்த்தால் டவுன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஏன் இப்படி என்று முதல் வாரமே கேட்டேன்.

"எங்க தோட்டத்துக்கு யானை வருமுங்க எல்டர். சத்தம் போடாம இருந்து காது குடுக்கோணும். அப்படியே பழகிப்போச்சுங்க" என்றான்.

நான் பரிதாபப்பட்டேன். இவனை வைத்துக்கொண்டு அந்த ஊரில் எப்படிக் காலம் தள்ளப் போகிறேன், எல்லா வீட்டுக் கதவையும் நான்தான் தட்டிப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைக்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது.

ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே கிடைக்கும்? துடியலூரில் கிடைத்தது. பம்ப் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் சோவியத் காலத்தில் அங்கே போய்ப் படித்துவிட்டு, படிப்போடு ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய மனைவிதான் எங்கள் டீச்சர். நாற்பது வயதிருக்கும். காட்டன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார், நாங்கள் முதல்முறை போனபோது. எங்கள் டையைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, பேங்குல இருந்து வாரீங்களா?" என்றார். அவருடைய தமிழ் முழுக்க மாமியார் வீட்டில் கற்ற தமிழ். ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. "உங்க சபைக்கெல்லாம் நா வர மாட்டேனுங்க, சாமி பூதமெல்லாம் எனக்கு வேண்டாம். பேச்சு மட்டும் சொல்லித் தாரேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் நாளே நான் தடுக்கி விழுந்தேன். ரஷ்ய மொழியில் ‘ஆமாம்’ என்பதற்குத் ‘தா’. புரிந்ததா என்று டீச்சர் கேட்டார். வெறும் ‘தா’ என்று பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? நாக்கு தானாக ‘ங்க’ சேர்த்துக்கொண்டது. "தாங்க" என்றேன். உள்ளே இருந்த அவருடைய வீட்டுக்காரர், "என்னத்தத் தரோணும்?" என்று எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவர், "அம்மணி, தம்பி கேக்குதல்ல, எதாச்சும் குடு" என்று அடுக்களைக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். நன்றிக்கு ‘ஸ்பசீபா’. நான் சொன்னது ‘ஸ்பசீபாங்க’. இல்லை என்பதற்கு ‘நியெத்’. நான் சொன்னது ‘நியெத்துங்க’.

என் துணை ‘தா’ என்றால் ‘தா’ என்றான். அவ்வளவுதான். அவனுக்கு அதில் கூச்சமே இல்லை.

அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. சாதாரணத் தெருநாய்தான். டீச்சர் குட்டியில் இருந்து எடுத்து வளர்த்தது. அதட்டினால் தமிழில் கேட்கும், உட்காரச் சொன்னால் ரஷ்ய மொழியில்தான் கேட்கும். ‘சிதேத்’ என்றால் உட்கார்ந்துவிடும். நான் பாடத்தில் படித்த வாக்கியத்தை அதனிடம் சொல்லிப் பார்த்தேன்: "சதீதெஸ், பஜாலஸ்தா." நாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தது. டீச்சருக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "தம்பி, நாயப் போயி ‘தாங்கள் அமருங்கள்’னு சொல்றீங்களே!" என் துணை குனிந்து மெதுவாகச் ‘சிதேத்’ என்றான். பொத்தென்று உட்கார்ந்தது. அதோடு விட்டதா, வாலை ஆட்டிக்கொண்டு அவன் ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் முதலில் எனக்குச் சுருக்கென்றது. நாயிடம் தோற்றால் சொல்லிச் சிரிக்கலாம். நாய் விஷயத்தில் இன்னொருத்தனிடம் தோற்பதை யாரிடம் சொல்ல?

வாரங்கள் போகப் போக விஷயம் தெளிவாகிவிட்டது. அவனுக்கு மொழி வருகிறது. எனக்கு வரவில்லை. நான் வார்த்தைகளை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில், குளியலறையில், சோறு தின்னும்போது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் சும்மா இருந்தான். வீட்டுக்காரரும் டீச்சரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்பான், யானைக்குக் காது கொடுத்த மாதிரி. பிறகு வாயைத் திறந்தால் டீச்சர் சமையலை விட்டுவிட்டு ஓடிவருவார். "இன்னொருக்கா சொல்லுங்க தம்பி! எங்க தெருப் பசங்க சொல்ற மாதிரியே இருக்குது!" சோவியத் உடைந்ததில் அவர் பிறந்த ஊரின் பெயரே மாறிவிட்டிருந்தது. அந்த ஊரின் பேச்சு மட்டும் தொண்டாமுத்தூர்க்காரன் வாயில் வருகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

டீச்சர் வீட்டில் டீ கிடையாதே, எங்களுக்கு விதி. சுக்கு காபி போட்டுத் தருவார். முதலில் அமெரிக்கப் பெரியவர் பேரைக் கேட்டு முகம் சுளித்தார். பேரில்தான் காபி இருக்கிறது, டம்ளரில் இல்லை என்று நான் நீண்ட நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை யாரும் ஆசைக்குக் குடிக்க மாட்டார்கள், அதனால் பாவம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இந்த மாதிரி வழக்குகளை எல்லாம் ஜெயித்துக்கொடுத்தது என் வாய்தான். ஆனால் டம்ளரில் சுக்கு காபி ஊற்றும்போது டீச்சர் பார்ப்பது அவனை.

ஒருநாள் வகுப்பில் அது என் காதில் விழுந்தது. உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்னிடம், "சதீதெஸ்" என்றார். அமருங்கள். அவனிடம், "சதீஸ்" என்றார். உட்காரு. அதாவது, எனக்கு வு, அவனுக்குத் து.

காது தவறாகக் கேட்டிருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அன்றைக்கு முழுக்க அப்படித்தான். தமிழில் பேசும்போது இரண்டு பேரும் ‘தம்பி, வாங்க, போங்க’தான். ரஷ்ய மொழிக்கு மாறியதும் அவன் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறான், நான் வாசலில் நிற்கும் பேங்க் ஆள் ஆகிவிடுகிறேன். டீச்சர் புருஷனுக்குத் து. தங்கச்சிக்குப் போன் போட்டால் து. நாய்க்குத் து. என் துணைக்குத் து. அந்த வீட்டில் வு வாங்குகிற ஆள் நான் ஒருத்தன். கேஸ் சிலிண்டர்காரருக்கு ரஷ்ய மொழி தெரிந்திருந்தால் அவரும்.

நம்மூரில் பிறந்தவனுக்கு ‘ங்க’ போடாவிட்டால்தான் கோபம் வரும். பச்சைக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற ஊர் இது. ‘ங்க’ போட்டார்கள் என்று வயிறெரிந்தவன் உண்டா? நான் எரிந்தேன். ராத்திரி அவன் குறட்டை விடாமல் தூங்குவதுகூட எனக்கு ஆகவில்லை. தூக்கத்திலும் என்ன அமைதி வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். விதிப்படி அவனை விட்டு நகரவும் முடியாது. யாரைப் பார்த்து எரிகிறேனோ அவனோடேயே துடியலூருக்குப் பஸ் ஏறி, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவனோடேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணவும் வேண்டும்.

வாரத்தில் ஒருநாள் துணைகள் எதிரெதிரே உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசிவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. முதலில் மற்றவனிடம் இருக்கும் நல்லதைச் சொல்ல வேண்டும். பிறகு குறை இருந்தால் சொல்லலாம்.

"நீங்க நல்லாப் பேசறீங்க எல்டர்" என்று அவன் ஆரம்பித்தான். ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்வான்.

நான் யோசித்து, "நீங்க சட்டைய நல்லா இஸ்திரி போடறீங்க" என்றேன்.

அவன் விரலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். "ஒண்ணு கேக்கட்டுங்களா? டீச்சர் உங்களுக்கு மருவாதியா வு போட்டுப் பேசறாங்க. எனக்கு மட்டும் து. நா என்ன பண்ணிப்போட்டேன்னு தெரியலீங்க."

என்ன நடிப்பு! புண்ணைக் குத்திவிட்டு வலிக்குதுங்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க எல்டர், நீங்க சின்னப்பையனாட்ட இருக்கறீங்க, அதான்" என்று எழுந்துவிட்டேன்.

இதில் எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ரஷ்ய மொழியில் கடவுளை வு போட்டுக் கூப்பிடக் கூடாது. து தான். எல்லா ஜெபமும் து என்ற சொல்லையும் அதன் பிள்ளைகுட்டிகளையும் வைத்துத்தான். பாடத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. டீச்சரும், "ஒரே கடவுள்னுதானுங்க சொல்றீங்க? வு போட்டா நெறையப் பேரு இருக்கற மாதிரி ஆயிருமுங்க தம்பி" என்று எத்தனையோ தரம் திருத்தினார். என் நாக்கு கேட்கவில்லை. கண்ணை மூடி, கையைக் கட்டி, தலை குனிந்து, அந்த நேரத்தில் போய் ‘து’ என்பதா? நம் காதுக்கு அது என்ன சத்தம்? காறித் துப்புகிற சத்தம். சின்ன வயதில் அப்படிச் சொன்னதற்கு அம்மாவிடம் வாயில் அடி வாங்கியிருக்கிறேன். வார்த்தை தொண்டை வரை து என்று வரும். உதட்டுக்கு வரும்போது வு ஆகிவிடும்.

மழை நிற்கிற சமயத்தில் அமெரிக்கப் பெரியவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். விசா தயாராகிறது. ஆனால் ரஷ்யாவில் ஆள் போனதும் கதவு தட்ட வேண்டும், அங்கே இங்கிலீஷ் எடுபடாது. அதனால் பெங்களூரில் இருந்து ஊழியத் தலைவர் வந்து எங்கள் இரண்டு பேரையும் கேட்டுப் பார்ப்பார். மொழி போதாது என்று அவருக்குத் தோன்றினால் இந்தியாவுக்குள்ளேயே வேறு ஊருக்கு மாற்றிவிடச் சொல்வார். பெரியவர் இதைச் சொல்லும்போது எங்கள் இரண்டு பேரையும் சமமாகப் பார்க்க ரொம்பப் பாடுபட்டார்.

வீட்டில் ஸ்வெட்டர் நாப்தலின் உருண்டையோடு பெட்டியில் இருந்தது. கண்டக்டர்கள், "என்ன மூப்பரே, எப்பப் பயணம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மில் கேன்டீனில் தினமும் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவன் மட்டும் போய், நான் இங்கேயே நின்றுவிட்டால்?

அந்தச் சனிக்கிழமை ஊழியத் தலைவர் வந்தார். உயரமான, சிரித்த முகம். அவர் வந்து இறங்கிய நேரம், கீழே கிரைண்டர் கடையில் லோடு ஏற்ற வந்திருந்த ஆந்திர லாரி டிரைவர் ஒருவர் வழி தெரியாமல் நின்றார். வழக்கம்போல நான் போய்த் தெலுங்கில் பேச்சுக் கொடுத்து, அவர் பொண்ணு கல்யாணம் வரை விசாரித்து, வழியும் சொல்லி அனுப்பினேன். தலைவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள். தலைவருக்கு ரஷ்ய மொழி தெரியாது. டீச்சர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். சாமி பூதம் வேண்டாம் என்றவர், எங்களுக்காகத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் என் துணை. முழங்கால் போட்டு, சின்னதாக ஒரு ஜெபம். பக்கத்தில் இருக்கிறவர் கையில் தண்ணி டம்ளரைக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு துவும் வந்தது. டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மூக்கை உறிஞ்சினார். கடவுளே, இவனுக்கு முன்னால் என்னை விட்டிருக்கக் கூடாதா என்று தமிழில் கேட்டேன், மனதுக்குள்.

பிறகு நான். குரலை உயர்த்தினேன். எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையையும் இறக்கினேன். அமெரிக்கப் பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஓடுகிறது, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்றே நினைத்தேன். ‘நன்றி செலுத்துகிறோம்’ என்ற இடம் வந்தது. இன்றைக்குத் துவைச் சொல்லியே தீருவது என்றிருந்தேன். கிரைண்டர் கடைக்காரர் கீழே சரியாக அந்த நேரத்தில் வெற்றிலையைத் துப்பினார். து என்று தெளிவாகக் கேட்டது. என் வாயில் வு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெபம் முழுக்க வுதான். கடைசியில் பதற்றத்தில் ஒரு ‘ஸ்பசீபாங்க’வும் சேர்ந்துகொண்டது.

தலைவர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திரும்பிவந்த தலைவர் என் தோளில் கையைப் போட்டு, விசாகப்பட்டினத்தில் தெலுங்கு பேசுகிற ஊழியக்காரர்கள் போதவில்லை, கீழே நீங்கள் பேசியதைக் கேட்டதுமே எனக்கு அது தோன்றியது என்றார். என் துணைக்கு ரஷ்யா. நல்ல சகுனம் என்று நினைத்தேனே, அந்த லாரி டிரைவர்தான் என்னைக் கையைப் பிடித்து ஆந்திராவுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

டீச்சரைக் கீழே கொண்டுவிட நானும் துணையும் படியிறங்கினோம். பாதிப் படியில் டீச்சர் நின்றார்.

"ஏனுங்க தம்பி, கடவுளுக்குப் போயி ஏனுங்க து போட மாட்டீங்கறீங்க? கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கற மாதிரியே இருக்குதுங்க."

"துன்னா எங்களுக்குத் துப்பற சத்தமுங்க டீச்சர்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடம் நம்மூரில் இருந்தும் அது அவருக்குத் தோன்றியதே இல்லை. "அதுக்குத்தானா என்னையும் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க?"

"நானுங்களா? உங்களையா? எப்பங்க?"

"தோசை ஊத்துன அன்னைக்கு." அவர் எப்போதாவது எங்களுக்கு ஊற்றிக்கொடுக்கும் ரஷ்யப் பால்தோசை அது. "தட்டக் கையில வெச்சுட்டு ரெண்டு பேருகிட்டயும் கேட்டனே, ‘தவாய் ந து’ன்னு. இனிமே து போட்டுப் பேசிக்கலாம்னு அர்த்தமுங்க. எங்கூருல அப்படிக் கேட்டுத்தான் மாறுவம். நீங்க நியெத், நியெத்னு ரெண்டு தடவ சொன்னீங்க. வயித்த வேற தொட்டுக் காமிச்சீங்க."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "நா தோசைன்னு நெனச்சனுங்க டீச்சர்!"

"தோசையத்தான் நாலு தின்னீங்களே!"

"மொதல்ல வேண்டாம், இருக்கட்டும்னு சொல்றது எங்க வழக்கமுங்க. இன்னொருக்கா கேட்டாத்தான வாங்குவம்!"

"இத ஒருக்காதானுங்க கேப்பாங்க" என்றார் டீச்சர். "வேண்டாம்னா உட்ருவாங்க."

நான் என் துணையைப் பார்த்தேன். "உங்களுக்கு மட்டும் அது புரிஞ்சுதுங்களா எல்டர்?"

"எனக்கும் புரியலீங்க" என்றான். "எது புரியாட்டியும் நா ‘தா’ன்னு சொல்லிருவேனுங்க."

அவனுக்குப் புரியாமலே கிடைத்தது. எனக்குப் புரியாமலே போனது. சரி, இப்போது இன்னொரு தடவை கேட்பார் என்று படியிலேயே நின்றேன். அதற்குள் வீட்டுக்காரர் கீழே ஸ்கூட்டர் ஹாரனை அடித்தார். டீச்சர் போய்விட்டார்.

அவன் சென்னைக்கு ரயில் ஏறிய அன்று கோயம்புத்தூர் ஜங்ஷனில் எல்லாரும் இருந்தோம். என் பயணம் அடுத்த வாரம். தொண்டாமுத்தூரில் இருந்து அவன் சொந்தக்காரர்கள் இளநீரும் வாழைத்தாருமாக வந்திருந்தார்கள். ரஷ்யாவுக்கு வாழைத்தார்! அப்பாவும் என்னோடு வந்தார். கையில் ஒரு பை. எனக்கு முறுக்கோ ஏதோ என்று நினைத்தேன். ஜன்னலோரம் போனதும் பைக்குள் கையை விட்டு, நீல ஸ்வெட்டரை எடுத்தார்.

"தம்பி, இதப் போட்டுக்குங்க. இவனுக்கு விசாகப்பட்டினத்துல எதுக்குங்க, அங்க சட்டை போட்டாலே வேர்க்குமாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். அவன் நம்மூர்க்காரன்தானே, "இருக்கட்டுங்க, வேண்டாமுங்க" என்றான். அப்பா, "அட, வாங்கிக்குங்க கண்ணு" என்றார். மறுபடி வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டான். எனக்கு அந்த மூன்று தடவையும் மூன்று பிடுங்கல். து போயிற்று, ரஷ்யா போயிற்று, இப்போது அப்பா கையால் ஸ்வெட்டரும். "நல்லா இருக்குமுங்க உங்களுக்கு" என்று நானே வேறு சொன்னேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

வண்டி ஊதியது. டீச்சர் அவனுடைய கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தவாய் ந து?" என்றார்.

"இருக்கட்டு..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, பாதியில் கடித்துக்கொண்டேன். "தா" என்றேன். வெறும் தா. பிறகு நானும் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும் அல்லவா? அதுதான் முறை. மூச்சை இழுத்துக்கொண்டு, "து..." என்று ஆரம்பித்தேன். அம்மா வயதுக்குப் பக்கத்தில் ஒருத்தர், பிளாட்பாரத்தில் அத்தனை பேர், பக்கத்தில் அப்பா. "துங்க" என்றேன்.

நகர ஆரம்பித்த வண்டியில் இருந்து என் துணை தலையை நீட்டி, "யாருங்க தூங்கறது, எல்டர்?" என்று கத்தினான். அவன் செய்த முதல் ஜோக். அதுவும் நன்றாக இருந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே நானும் அப்பாவும் டீச்சரும் காந்திபுரம் பஸ் ஏறினோம். கூட்டத்தில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. டீச்சர் அதைக் காட்டி என்னைப் பார்த்து, "சதீஸ்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாமுங்க, நீங்க உக்காருங்க என்று சொல்லவே இல்லை. அப்பா என்னை முறைத்தார், பொம்பளையாளை நிற்கவைத்துவிட்டு உட்காருகிறான் பார் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி திருப்பூரைத் தாண்டுவதற்குள் அவன் அந்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. அவனுக்குக் கை நீளம் சரியாகத்தான் இருந்திருக்கும்.